கோபர் கேஸிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்க எந்த மெம்பரேன்? கடலோரத்துக்கு ஒரு வழிகாட்டி

மண்டபம், பாம்பன், தொண்டி, ஏர்வாடி என்று நம் கரையில் மீன் இறங்குகிற இடம் எதுவானாலும் பக்கத்தில் கழிவு குவிந்து கிடக்கும், அதைச் சாணத்தோடு கலந்து கலனில் போட்டால் எரிகிற வாயு, அதாவது கோபர் கேஸ், வரும் என்பது பலருக்கும் தெரியும். வருகிற வாயுவில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு மீத்தேன். மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அதாவது கரியமில வாயு. அது எரியாது, இடத்தை அடைக்கும், ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். அதைப் பிரித்துத் தள்ள மெம்பரேன் (வாயுவைப் பிரிக்கிற மெல்லிய படலம்) போடலாமா, போட்டால் எந்தப் பொருளில் போடுவது என்று மண்டபத்தில் எங்கள் செட்டுக்கு வந்து கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதில் பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் வாயுவை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அடுப்பெரிக்க மட்டும் என்றால் மெம்பரேன் வேண்டாம். 60% மீத்தேன் அடுப்பில் நன்றாகவே எரியும், முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடை மட்டும் எடுத்தால் போதும். வண்டிக்கு ஊற்ற வேண்டும், சிலிண்டரில் அடைக்க வேண்டும் என்றால்தான் இந்த வேலை. அதற்கு ஐ.எஸ். 16087:2016 என்ற இந்தியத் தரம் இருக்கிறது: மீத்தேன் குறைந்தது 90%, கரியமில வாயு 4%-க்கு மேல் கூடாது. உயர் அழுத்தத்தில் சிலிண்டர் நிரப்ப வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் உரிமமும் வேண்டும், அதை வாங்காமல் தொடங்காதீர்கள்.

சரி, மெம்பரேன் எப்படிப் பிரிக்கிறது? வீட்டு ஆர்.ஓ.வில் இருப்பது போல இதுவும் மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான். நம் ஆட்களுக்கு வலையை வைத்துச் சொன்னால் உடனே புரியும். கரியமில வாயு மூலக்கூறின் குறுக்களவு 3.3 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்), மீத்தேனுக்கு 3.8. அரை ஆங்ஸ்ட்ராம் வித்தியாசத்தில் வலைக்கண் அமைத்தால் ஒன்று நழுவும், மற்றது தங்கும். ஆனால் கண் அளவு பாதிக் கதைதான். மீதிப் பாதி இரை. கரியமில வாயு பாலிமருக்குள் கரைகிற வாயு, சுலபமாகத் திரவமாகக்கூடியது. அழுத்தம் கொடுத்தால் 31 டிகிரி வரைக்கும்கூட அதைத் திரவமாக்கலாம், மீத்தேனை மைனஸ் 82 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால்தான் முடியும். அதனால் படலத்தின் பொருள் கரியமில வாயுவுக்குப் பிடித்ததாக இருந்தால் அது முதலில் ஒட்டும், கரையும், மறுபக்கம் வெளிவரும். எவ்வளவு கரைகிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்ற இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் ஊடுருவல். அதை பேரர் என்ற அலகில் சொல்வார்கள். மீத்தேனைவிட எத்தனை மடங்கு என்பது தேர்வுத்திறன். விற்கிறவரிடம் இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கள். கலப்பு வாயுவில், அழுத்தத்தில் எடுத்த எண்ணா என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு வாயுவையும் தனியாக விட்டு அளந்த எண் எப்போதுமே அழகாகத்தான் இருக்கும்.

பொருள்களுக்கு வருவோம். சிலிக்கோன் ரப்பரில் கரியமில வாயு 3000 பேரர் அளவுக்குப் பாய்கிறது, கேட்கவே ஆசையாக இருக்கும், ஆனால் தேர்வுத்திறன் 3 தான், மீத்தேனும் கூடவே கிளம்பிவிடும். எதிர்ப்பக்கத்தில் கண்ணாடி போல விறைப்பான பாலிமர்கள்: செல்லுலோஸ் அசிடேட் 6 பேரர், தேர்வுத்திறன் 30 பக்கம், பாலிசல்போன் 5.6 பேரர், 22, மாட்ரிமிட் என்ற பாலி இமைடு 10 பேரர், 35. வேகம் கூடினால் தேர்வு குறையும், தேர்வு கூடினால் வேகம் குறையும். இந்த இழுபறியை 1991-ல் லாயிட் ராப்சன் ஒரே கோடாக வரைந்து காட்டினார், 2008-ல் அதைத் திருத்தினார், இன்றைக்கும் புதுப் பொருள் கண்டுபிடிக்கிறவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டினோமா என்றுதான் பார்க்கிறார்கள். 2004-ல் மான்செஸ்டரில் வந்த பிம்-1 என்ற பாலிமரில் ஊடுருவல் ஆயிரக்கணக்கில் இருந்தது, ஆனால் மாதங்கள் போகப் போக அதன் இடைவெளிகள் தானாக இறுகி வேகம் விழுந்துவிடும். ஜியோலைட், உலோக-கரிமச் சட்டகங்கள், கார்பன் மூலக்கூறு சல்லடை போன்ற நுண்துளைப் பொருள்கள் எல்லாம் ஆய்வகத்தில் அருமையாக வேலை செய்கின்றன. விரிசல் இல்லாமல் பெரிய பரப்பில் செய்வதுதான் கஷ்டம். அந்தத் துகள்களைப் பாலிமரில் கலந்து வார்க்கிற முறையும் உண்டு. கல்லூரி ஆய்வுக்கு அது நல்ல தலைப்பு. நம் செட்டுக்கு இப்போதைக்கு பாலி இமைடு, பாலிசல்போன், செல்லுலோஸ் அசிடேட் என்ற மூன்றுக்குள் யோசித்தால் போதும்.

10 பேரர் என்றால் ரொம்பக் குறைவாயிற்றே என்று தோன்றும். படலத்தை மெலிதாக்கித்தான் அதைச் சமாளிக்கிறார்கள். 10 பேரர் பொருளை 0.1 மைக்ரான் தோலாக்கினால் 100 ஜி.பி.யு. கிடைக்கும், அதாவது ஒரு சதுர மீட்டரில் ஒரு பார் அழுத்த வித்தியாசத்துக்கு மணிக்கு 0.27 கன மீட்டர். அவ்வளவு மெல்லிய தோல் தனியாக நிற்காது, அதே பொருளின் நுரை போன்ற அடிப்பகுதி அதைத் தாங்கும். இந்த அமைப்புக்கு வழிகாட்டியவர்கள் சிட்னி லோப்பும் ஸ்ரீநிவாச சௌரிராஜனும், 1960 வாக்கில் கலிபோர்னியாவில், கடல்நீரைக் குடிநீராக்குவதற்காக. உப்புநீருக்கு நடுவே குடிநீருக்குக் காத்திருக்கிற நம் மாவட்டத்தில் அந்த வேலையின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கணக்கு. இதைப் பார்க்காமல் காசு கொடுத்துவிடாதீர்கள். மணிக்கு 10 கன மீட்டர் வாயு, அதில் 40% கரியமில வாயு. 8 பார் அழுத்தத்தில் உள்ளே விடுகிறோம், வெளிப்பக்கம் 1 பார். மெம்பரேன் 100 ஜி.பி.யு., தேர்வுத்திறன் 30. வாயு நுழைகிற முனையில் படலத்தைத் தாண்டி வருவது 93% கரியமில வாயு, அருமை. ஆனால் வாயு போகப் போக உள்ளே கரியமில வாயு தீர்ந்துகொண்டே வரும். 4%-க்கு இறங்குகிற கடைசி முனையில் உள்ளே அதன் பங்கு அழுத்தம் (8 பாரில் அதன் 4% பங்கு) 0.32 பார் மட்டும். அங்கே தாண்டி வருவதில் கால் பங்குதான் கரியமில வாயு, முக்கால் பங்கு மீத்தேன்! மொத்தமாகக் கூட்டினால் 23 சதுர மீட்டர் பரப்பு வேண்டும், அதில் கிட்டத்தட்ட பாதி கடைசிப் பத்தில் ஒரு பங்கு கரியமில வாயுவை எடுப்பதற்கே போகிறது, மீத்தேனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெளியே போய்விடுகிறது. தேர்வுத்திறன் இன்னும் அதிகமுள்ள பொருளை வாங்கினாலும் அழுத்த விகிதம் 8 தான் என்பதால் அந்தக் கடைசி முனையில் பெரிய லாபம் இருக்காது.

அதனால் ஒரே மெம்பரேன் குழாயில் (மெம்பரேனை முடி போன்ற இழைகளாக்கி அடைத்த குழாய்) முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு குழாயைத் தொடராக வையுங்கள், முதல் குழாயில் படலத்தைத் தாண்டி வெளியேறுவது நல்ல கரியமில வாயு, அதை விட்டுவிடலாம். இரண்டாவதில் படலத்தைத் தாண்டி வெளியேறுவதில் மீத்தேன் நிறைய இருக்கும், அதைக் குழாய் போட்டு கம்ப்ரெசரின் வாய்க்கே திருப்புங்கள். கம்ப்ரெசருக்கு வேலை கொஞ்சம் கூடும், ஆனால் மீத்தேன் அவ்வளவாகத் தப்பாது. பெரிய ஆலைகளில் மூன்று கட்டம் வைத்து 99%-க்கு மேல் மீட்கிறார்கள். வெளியே போகிற மீத்தேன் பணநஷ்டம் மட்டும் இல்லை, அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிற வாயு. கழிவை நல்ல வழிக்குக் கொண்டுவருகிறோம் என்று தொடங்கிவிட்டு மீத்தேனைக் காற்றில் விடுவதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்தது ஈரம். கடலோரத்தில் பொருளைத் தீர்மானிப்பதே இதுதான் என்று நான் நினைக்கிறேன். கலனிலிருந்து வருகிற வாயு முழுக்க நீராவியோடுதான் வரும், அழுத்தினால் அது தண்ணீராகக் கொட்டும். செல்லுலோஸ் அசிடேட் ஒருமுறை நனைந்து காய்ந்தால் அதன் நுண்துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும், திரும்பாது. பாலி இமைடு நீராவியைத் தாங்கும், ஆனால் அம்மோனியா அதற்கு ஆகாது, அதன் மூலக்கூறில் இருக்கிற இமைடு வளையத்தையே உடைத்துவிடும். சாணத்தில் மட்டும் ஓடுகிற கலனுக்கு இது பெரிய விஷயமில்லை. மீன் கழிவில் புரதம் அதிகம், புரதம் அழுகினால் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்தே வரும். உள்நாட்டில் மாட்டுப் பண்ணைக்குப் போட்ட அமைப்பை அப்படியே கொண்டுவந்து நம் கரையில் மாட்டக்கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கரியமில வாயு அதிக அழுத்தத்தில் பாலிமரை ஊறவும் வைக்கும். வத்தையின் பலகை ஊறினால் இடுக்கு அடைபடும், பாலிமர் ஊறினால் இடுக்கு திறக்கும், திறந்த இடுக்கில் மீத்தேனும் நுழையும். கரியமில வாயுவின் பங்கு அழுத்தம் 8, 10 பாரைத் தாண்டுகிற இடத்தில்தான் செல்லுலோஸ் அசிடேட்டுக்கு இந்தத் தொல்லை பெரிதாகும், நம் 8 பார் அமைப்பில் அது 3.2 பார்தான், கவலை வேண்டாம்.

சரி, வாயுவைச் சுத்தம் செய்கிற வரிசை. கலனிலிருந்து வந்ததும் முதலில் தண்ணீருக்குள் குமிழிவிட்டுக் கழுவுங்கள், அம்மோனியா அங்கேயே கரைந்துவிடும். அப்புறம் துருப்பிடித்த இரும்புச் சுருள் நிரப்பிய டிரம். லேத் பட்டறையில் கிடைக்கிற சுருளை நல்ல தண்ணீர் தெளித்து வெயிலில் துருவேற்றினால் போதும், ஹைட்ரஜன் சல்பைடு அந்தத் துருவோடு சேர்ந்து கறுப்பாகிவிடும். இந்த வினைக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், அதனால்தான் உலர்த்துவதற்கு முன்னாலேயே இதை வைக்கிறோம். கறுத்த சுருளைக் காற்றில் வைத்தால் திரும்பத் துருவாகும், ஆனால் அப்போது சூடேறும், தீயே பிடிக்கலாம், தண்ணீரில் நனைத்து மெல்லிசாகப் பரப்பித்தான் காற்றாட விட வேண்டும். டிரம்மைத் திறக்கும்போது மூக்கை நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு 100 பி.பி.எம். தாண்டினால் மூக்கு மரத்து வாசனையே தெரியாமல் போகும், அந்த நேரத்தில்தான் ஆள் விழுவார். சட்டையில் மாட்டுகிற மீட்டர் ஒன்று வாங்குங்கள், மெம்பரேனுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

அதற்கு அப்புறம் கம்ப்ரெசர், குளிர்விப்பு, தண்ணீர் வடிப்பான், எண்ணெய் வடிகட்டி, ஆக்டிவேட்டட் கார்பன், கடைசியாக வாயுவை ஐந்தாறு டிகிரி திரும்பச் சூடாக்குகிற ஒரு சின்ன ஹீட்டர், அப்போதுதான் மெம்பரேனுக்குள் தண்ணீர் படியாது. எண்ணெய் வடிகட்டியில் சிக்கனம் பார்க்காதீர்கள். எங்கள் முதல் மெம்பரேன் போனது அதனால்தான். பழைய கம்ப்ரெசர் ஒன்றைச் சரிபார்த்துக் கொடுத்தவர் எண்ணெயே தள்ளாது என்றார், நாங்களும் வடிகட்டியைத் தள்ளிப்போட்டோம். மூன்றாவது மாதம் மீத்தேன் 91-லிருந்து 78-க்கு இறங்கிவிட்டது. குழாயைக் கழற்றி மூடியைத் திறந்தால், முடி போல வெள்ளையாக இருந்த இழைகளின் நுனியெல்லாம் தேன் நிறத்தில் ஒட்டிக்கிடந்தது, விரலில் தடவிப் பார்த்தால் பிசுபிசுப்பு. பக்கத்துப் பட்டறை மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பிஸ்டன் கம்ப்ரெசர்னா எண்ணெய் போகத்தான் செய்யும், எவ்வளவு போகுதுங்கிறதுதான் கேள்வி" என்றார். இழையில் எண்ணெய் ஏறினால் கழுவி எடுக்க முடியாது. எண்ணெயில்லாத கம்ப்ரெசர் வாங்க முடிந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வடிகட்டியை இரண்டாக வைத்து, அடியில் இருக்கிற குமிழைத் தினமும் திறந்து பாருங்கள்.

இரண்டாவது மெம்பரேன் அம்மோனியாவில் போனது. அதன் பிறகுதான் கழுவுகிற தொட்டியே வந்தது. இப்போது ஓடுகிற பாலி இமைடு குழாய்க்கு இன்னும் குறை வரவில்லை.

வெளியே விடுகிற குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தி, மின்சாமானுக்குத் தூரமாக வையுங்கள். மீத்தேன் காற்றில் 5 முதல் 15% கலந்தால் வெடிக்கும். கரியமில வாயு காற்றைவிடக் கனம், குழியிலும் பள்ளத்திலும் தேங்கும், அந்தப் பக்கம் குழந்தைகள் விளையாடக்கூடாது.

இதுவரைக்கும் ஈரத்தை எதிரியாகவே பேசினோம். ஈரத்தையே வேலை வாங்குகிற இன்னொரு வகை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1829-ல் தாமஸ் கிரகாம் ஈரமான பன்றிச் சிறுநீர்ப்பையைக் கரியமில வாயு நிறைந்த ஜாடிக்குள் வைத்தபோது அது வெடிக்கிற அளவுக்குத் தானாக உப்பியது. ஈரத்தில் கரியமில வாயு கரைந்து உள்ளே போய்விட்டது. தண்ணீரில் அது மீத்தேனைவிட இருபது மடங்குக்கு மேல் கரைகிறது. அந்த ஈரத்துக்குள் அமீன் தொகுதி (நைட்ரஜன் உள்ள, காரத்தன்மை கொண்ட பகுதி) உள்ள பாலிமரை வைத்தால், அமீன் கரியமில வாயுவைக் கையில் வாங்கி மறுபக்கம் கொடுக்கும், மீத்தேனைத் தொடவே தொடாது. பாலிவினைலமீன் இந்த வகை. நம் கரையில் கிடைக்கிற அமீன் பாலிமர் கைட்டோசான், இறால் தோட்டிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும் வருவது.

கல்லூரிப் பிள்ளைகள் இதைத் தாராளமாகச் செய்து பார்க்கலாம். தோட்டை அமிலத்தில் போட்டால் நுரைத்துக்கொண்டு சுண்ணாம்பு கரையும் (அந்த நுரையே கரியமில வாயுதான்), அப்புறம் காஸ்டிக் சோடாவில் புரதத்தை நீக்கி, கடைசியாக 40, 50% காஸ்டிக்கில் கொதிக்க வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலை ஆபத்து, தெறித்தால் கண் போகும், வீட்டில் வேண்டாம். பொடியாகவே விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஊசிக்கணவாயைக் கழுவும்போது உள்ளேயிருந்து கண்ணாடித் துண்டு போல ஒரு தண்டு உருவி வருமே, அதில் சுண்ணாம்பு ஏறக்குறைய இல்லை, ஆய்வகத்தில் செய்கிறவர்கள் அதிலிருந்து தொடங்கினால் அமில வேலை மிச்சம்.

கடையில் வாங்கும் 4% வெள்ளை வினிகரை அதே அளவு பேட்டரித் தண்ணீரோடு (ஆசிட் அல்ல, காய்ச்சி வடித்த நீர்) கலந்து, 100 மில்லிக்கு 2 கிராம் கைட்டோசானைப் போட்டு இரவு முழுக்கக் கலக்குங்கள். நம் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்பு படலத்தில் தங்கும். துணியில் வடிகட்டி, குமிழி ஏறிப் போகும்வரை வைத்திருந்து, 9 சென்டிமீட்டர் தட்டில் 25 மில்லி ஊற்றுங்கள். காய்ந்தால் 55 மைக்ரான் பக்கம் வரும். வெயிலில் வைக்காதீர்கள், ஓரம் சுருளும். கொசுவலைத் துணியால் மூடி நிழலில் வையுங்கள், கடல்காற்றில் வருகிற பொடிமணல் ஒன்று விழுந்தாலும் அந்த இடத்தில் ஓட்டைதான். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். காய்ந்த படலத்தில் அமீன் இன்னும் வினிகரோடு உப்பாகக் கட்டுண்டு கிடக்கிறது, அப்படியே சோதித்தால் ஏமாற்றம்தான். 4% காஸ்டிக் கரைசலில் அரைமணி ஊறவிடுங்கள், தட்டிலிருந்து தானாகவே கழன்று மிதக்கும். லிட்மஸ் தாள் நிறம் மாறுவது நிற்கிற வரைக்கும் கழுவி, ஈரத்தோடேயே வையுங்கள்.

சோதிக்க 47 மில்லிமீட்டர் வடிகட்டிப் பிடிப்பான் ஒன்று, அடியில் கம்பி வலையும் வடிதாளும், மேலே படலம். வெல்டிங் கடையில் கரியமில வாயு சிலிண்டர் கிடைக்கும், எதிர்வாயுவாக மீத்தேனுக்குப் பதில் நைட்ரஜன் வையுங்கள், தீ பயம் இல்லை. இரண்டையும் தண்ணீருக்குள் குமிழிவிட்டு ஈரப்படுத்தித்தான் விட வேண்டும். வெளிக்குழாயை 1 மில்லி கண்ணாடிப் பிப்பெட்டில் சொருகி, உள்ளே ஒரு சோப்புக் குமிழியை ஏற்றி, அது எத்தனை நிமிடத்தில் 1 மில்லி நகர்கிறது என்று பாருங்கள். 80 பேரர் உள்ள 50 மைக்ரான் படலம் என்று வைத்தால், 13 சதுர சென்டிமீட்டரில் 2 பார் வித்தியாசத்துக்கு ஐந்து நிமிடம் பக்கம் ஆகும். பொறுமை வேண்டும், முதல் அரைமணி எண்ணைக் குறிக்கவே குறிக்காதீர்கள். அப்புறம் நைட்ரஜனை விடுங்கள். குமிழி அசைகிறதா என்று தெரியாத அளவுக்கு மெதுவாகப் போனால் படலம் நன்றாக வந்திருக்கிறது. இரண்டு வாயுவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனால் நீங்கள் அளப்பது பொருளை அல்ல, ஊசிமுனை ஓட்டையை. படலத்தை விளக்குக்கு எதிரே பிடித்து அந்த ஓட்டையைத் தேடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாது, நேரத்தை வீணாக்காமல் அடுத்ததை வார்த்துவிடுங்கள்.